பனிக்காட்டில் நான் ஒளித்தது

தம்பி,

நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில், ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு நீ வாசித்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால்தான் இதைப் போனில் சொல்லாமல், வேறு ஒருவரைக் கொண்டு பிரெஞ்சில் எழுதுவிக்காமல், தமிழிலேயே, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். மெதுவாக வாசி. வேகமாக வாசித்தால் உனக்கு என்மேல் கோபம் மட்டும்தான் வரும்.

உன் கலியாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. எலோடியின் கூறைச் சேலைக்குச் சட்டை தைத்து முடித்துவிட்டேன். கை கொஞ்சம் இறுக்கம் என்று நினைக்கிறேன், ஒருதரம் போட்டுப் பார்க்க வரச் சொல்லு. போன கிழமை நீ ரூ காய் தெருவில் நான் தைக்கிற கடைக்கு வந்து, என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் நின்று றோல்ஸ் தின்றுகொண்டே விருந்தாளிகளின் பட்டியலை வாசித்தாய். இடையில் ஒரு பெயருக்குக் கோடு போட்டுவிட்டு, "எலோடியின்ர பெரியப்பா ஜெரார் வரமாட்டாராம், மா" என்றாய். "ஏனாம்?" என்றேன். "கால் ஏலாதாம். அது சும்மா. அண்டைக்கு வேட்டையிலை நடந்ததுக்குப் பிறகு அவர் ஒருத்தரோடையும் சேருறேல்லையாம். வெட்கமாம் எண்டு எலோடி சொல்லுறாள்." நீ அடுத்த பெயருக்குப் போய்விட்டாய். நான் மெசினை நிறுத்தியதை நீ கவனிக்கவில்லை. அந்த வெட்கத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது, ராசா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த அட்டையிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னம், எலோடியின் அப்பா பத்ரிக்கோடு சேர்ந்து படித்துச் சோதனை எழுதி, வேட்டைக்கான பெர்மி, அதுதான் அனுமதி அட்டை, எடுத்துக்கொண்டு நீ வீட்டுக்கு வந்தாய். வங்கி அட்டை அளவில் ஒரு சின்ன அட்டை. உன் படம் போட்டிருந்தது. "பாருங்கோ, பாஸ் பண்ணிட்டன்!" என்று மேசையில் வைத்தாய். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்து, "படத்திலை வடிவாய் இருக்கிறாய்" என்றார். நான் குசினிக்குள் போய், ஏற்கெனவே கழுவிய அரிசியைத் திரும்பவும் கழுவினேன். அதற்குப் பிறகு நீ காட்டுக்குப் போன எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. மிருகத்தைக் கொல்வது எனக்குப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்தாய். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வரிசையில் நின்று ஆட்டிறைச்சி வாங்குகிற எனக்கு அப்படிச் சொல்ல என்ன உரிமை? எனக்குப் பயம் உன் கையில் இருந்த துவக்கைப் பற்றியது.

உன் சின்ன மாமா சுதன் காய்ச்சல் வந்து செத்தான் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். சுவரில் இருக்கிற படத்தைக் காட்டி நீ கேட்டபோது உனக்கு ஆறு வயது. காய்ச்சல் என்று சொன்னது அந்த வயதுக்குச் சரி. நீ வளர்ந்த பிறகும் நான் அதைத் திருத்தவில்லை, அதுதான் பிழை. அவனுக்குப் பதினேழு வயது, எனக்கு இருபத்தொன்று. ஒருநாள் காலை, கொடியில் கிடந்த நீலச் சேட்டை ஈரத்தோடு எடுத்துப் போட்டான். "ஈரச் சேட்டைப் போட்டுக்கொண்டு எங்கை போறாய்?" என்று கேட்டேன். "வாசிகசாலைக்கு" என்றான். வாசிகசாலை திறக்க இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் பெடியங்கள் இயக்கத்துக்குத்தான் போகிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் முதல்நாள் சைக்கிளுக்காக எனக்கும் அவனுக்கும் சண்டை. அந்தக் கோபத்தில் நான் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டேன். படலை சாத்துகிற சத்தம் கேட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு, அவன் செத்த செய்தியோடு, துவக்குப் பிடித்தபடி எடுத்த ஒரு படம்தான் வீட்டுக்கு வந்தது. படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். உன் அட்டையைப் பார்த்த அன்று எனக்கு அந்தச் சிரிப்புத்தான் நினைவுக்கு வந்தது.

இனி அந்தத் தை மாத ஞாயிற்றுக்கிழமை. பத்ரிக் தானே போன் எடுத்தார். "மதாம், நீங்கள் துவக்குத் தொட வேண்டாம், எங்களோடு நடந்தால் போதும். பிள்ளைகள் கட்டுவதற்கு முன்னம் இரண்டு குடும்பமும் ஒருநாளாவது சேர்ந்து நடக்க வேண்டும்" என்றார். பாரவண்டி ஓட்டி ஓய்வெடுத்த பெரிய உடம்புக்காரர், ஆனால் குரல் பஞ்சு. அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். "நீ போயிட்டு வா. ரெண்டு காலுறை போட்டுக்கொண்டு போ" என்று என்னை மட்டும் அனுப்பினார். சனி பின்னேரம் நீயும் நானும் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினோம். சென் தெனி தாண்டி, கட்டடங்கள் முடிந்து, வெள்ளை வயல்கள் வரத் தொடங்கியதும் நீ என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாய். உன் தலையின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, இந்த ரயில் எங்கும் நிற்காமல் இப்படியே போனால் நல்லது என்று நினைத்தேன்.

அன்றிரவு பத்ரிக் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் ஜெராரை முதன்முதலாகப் பார்த்தேன். பத்ரிக்கின் தமையன், எழுபத்தாறு வயது, கலியாணம் கட்டாதவர், வாழ்க்கை முழுவதும் சீனி எடுக்கிற கிழங்கு பயிரிட்டவர். எனக்குக் கதிரை இழுத்து விட்டவர் அவர்தான். மற்றவர்கள் என்னிடம் குளிரைப் பற்றிக் கேட்டார்கள். அவர் யாழ்ப்பாணத்தில் என்ன பயிரிடுவீர்கள் என்று கேட்டார். வெங்காயம், புகையிலை என்றேன். வெங்காயத்தை எவ்வளவு ஆழத்தில் நடுவீர்கள் என்று அடுத்த கேள்வி. என் விரலில் அளந்து காட்டினேன். அவர் தன் தடித்த விரலை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தலையை ஆட்டினார். இந்த நாட்டில் முப்பது வருஷமாக என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி அது. இந்த வருஷம் தனக்குத் துவக்கு இல்லை என்றும், நெருப்பையும் கோப்பியையும் பார்த்துக்கொள்ளும் வேலையைத்தான் தன் தம்பி தந்திருக்கிறான் என்றும் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது.

காலையில் எல்லாருக்கும் முன்னம் எழும்பிவிட்டேன். யன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. மரம் இல்லை, வேலி இல்லை, மூடுபனி மட்டும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. குசினிக் கதவுக்குப் பின்னால் உன் பச்சை அங்கி தொங்கியது. தோய்க்க எடுத்தால் முதலில் பைகளைத் துழாவுகிற கை இது, தானாகவே உள்ளே போயிற்று. அட்டை விரலில் பட்டது. நான் முன்கூட்டியே யோசித்துச் செய்யவில்லை என்று உனக்குச் சொல்ல ஆசைதான். ஆனால் அதை எடுத்து, எனக்குத் தந்திருந்த இரவல் அங்கியின் பையில் வைத்தால் யாராவது காண்பார்கள் என்று கணக்குப் பார்த்து, கதிரையில் இருந்து, இடக்காலின் இரண்டு காலுறைகளுக்கும் நடுவில் செருகி, மேலே சப்பாத்தைப் போட்டுக் கட்டினேன். யோசிக்காத கை அவ்வளவும் செய்யாது. நீ இறங்கி வந்து, "நித்திரை கொண்டனீங்களே, மா?" என்று என் நெற்றியில் கொஞ்சினாய். "ஓம்" என்றேன்.

காட்டின் ஓரத்தில் நெருப்பு எரிந்தது. செம்மஞ்சள் மேலங்கி போட்ட பதினைந்து பேர், ஆளுக்கொரு கோப்பிக் கிண்ணத்தோடு. நாய்கள் குளிரில் நடுங்கிக்கொண்டும் வாலாட்டிக்கொண்டும் நின்றன. பத்ரிக் ஒரு கொப்பியைத் திறந்து, ஒவ்வொருவருடைய அட்டையையும் பார்த்துக் கையெழுத்து வாங்கினார். உன் முறை வந்தது. நீ வலப்பையைப் பார்த்தாய், இடப்பையைப் பார்த்தாய், காருக்கு ஓடினாய், திரும்பி வந்து முதுகுப் பையை நிலத்தில் கொட்டினாய். "நேற்று இருந்தது. சத்தியமா நேற்று இருந்தது" என்று பிரெஞ்சில் திரும்பத் திரும்பச் சொன்னாய். உன் காது சிவந்துவிட்டது. சின்ன வயதில் வீட்டுப்பாடக் கொப்பியைத் தொலைத்தால் சிவக்கிற அதே காது. பத்ரிக் உன் தோளைத் தட்டி, "அட்டை இல்லாமல் உன்னைத் துவக்கோடு நிறுத்த முடியாது, மகனே. சட்டம். இன்றைக்கு அம்மாவோடு நட" என்றார். பிறகு சுற்றிப் பார்த்தார். ஓடைக்கரையில் ஓர் இடத்துக்கு ஆள் தேவை. நெருப்பைக் கிண்டிக்கொண்டிருந்த ஜெரார் நிமிர்ந்து, மார்புப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்து நீட்டினார். பத்ரிக் கொஞ்சம் தயங்கினார். பிறகு உன் துவக்கை அவரிடம் கொடுத்தார்.

வேட்டை எப்படி என்று நீதான் எனக்கு விளங்கப்படுத்தினாய். துவக்குக்காரர்கள் காட்டின் மறுகரையில் ஆளுக்கோர் இடத்தில் அசையாமல் நிற்பார்கள். மற்றவர்கள் வரிசையாக உள்ளே இறங்கி, தடியால் மரங்களைத் தட்டி, கூவிக் கூவி மான்களை அவர்கள் பக்கம் கலைப்பார்கள். ஒரு கொம்பு ஊதியது. நாங்கள் இறங்கினோம். தம்பி, அந்த ஒரு மணித்தியாலத்தை நான் இப்போதும் கனவில் நடக்கிறேன். ஒவ்வொரு சுள்ளியிலும் உறைபனி. மூச்சு விட்டால் அது முகத்துக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறது. எனக்கு வலப்பக்கம் இருபது அடியில் நீ, உன் செம்மஞ்சள் அங்கி சில நேரம் தெரிகிறது, சில நேரம் கரைந்துவிடுகிறது. எங்கோ தூரத்தில் மற்றவர்களின் கூவல், தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பதுபோல. காலுக்குக் கீழே சருகு நொறுங்குகிற சத்தம்கூட வேறு யாரோ நடப்பதுபோல இருந்தது. குளிர் எனக்குத் தெரியவில்லை. குதிக்காலில் அட்டையின் மூலை குத்துவது மட்டும் தெரிந்தது.

"மா, நீங்களும் கத்துங்கோ!" என்றாய். "என்னெண்டு கத்துறது?" "எதெண்டாலும். சத்தம்தான் முக்கியம்." எனக்கு ஒரு சொல்தான் வாயில் வந்தது. "ஓடு!" என்று கத்தினேன். "ஓடு... ஓடு பிள்ளை, ஓடு!" மானைத் தப்பச் சொல்லித்தான் கத்தினேன். நீ மூடுபனிக்குள் சிரித்தது கேட்டது. நாங்கள் இரண்டுபேரும் அப்படிச் சேர்ந்து சத்தம் போட்டு எத்தனை வருஷம்! நானும் சிரித்தேன். அப்போதுதான் அது என் முன்னால் நின்றது. கொம்பில்லாத பெண்மான். பத்து அடிகூட இருக்காது. மூக்கிலிருந்து ஆவி போகிறது, காது இரண்டும் என் பக்கம் திரும்பியிருக்கின்றன, முதுகு மயிரில் பனித்துகள். அது என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல, "ஓடு" என்றேன். அது ஓடியது. நான் நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், ஓடைக்கரைக்கு.

ஒரு வெடி. அதன் சத்தம் காடு முழுவதும் உருண்டு போய் முடிந்த பிறகும் நான் இருந்த இடத்திலேயே நின்றேன். கொம்பு திரும்பவும் ஊதி, எல்லாரும் ஓடைக்கரையில் கூடியபோது, மான் அங்கே இல்லை. உறைபனியில் கொஞ்சம் மயிர், பூசிவிட்டதுபோல இரத்தம், மறுகரைக்கு ஏறிய தடம். ஜெரார் துவக்கை இரண்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பின்னங்காலில் பட்டுவிட்டது. பின்னங்காலில்" என்றார். ஒருவரும் அவரை ஏசவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது என்று நினைக்கிறேன். ஓர் இளம் பெடியன் மட்டும், நீ நின்றிருந்தால் இது நடந்திராது என்று உனக்குச் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். ஜெராருக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது.

காயப்பட்ட மானை உடனே துரத்தக் கூடாதாம். துரத்தினால் அது பயத்தில் இன்னும் தூரம் போய்விடுமாம். பக்கத்து ஊரில் தபால்காரியாக இருக்கும் ஒரு பெண், இரத்தத் தடம் பிடிக்கப் பழக்கிய செந்நிற நாயோடு வரும்வரை மத்தியானம் முழுவதும் காத்திருந்தோம். அவள் வந்ததும் துணைக்கு ஓர் ஆள் கேட்டாள். "நான் வாறன்" என்று நீ எழும்பினாய். "நானும்" என்றேன். "மா, அது கனதூரம்." "நானும் வாறன் எண்டு சொன்னனான்."

நாய் மூக்கை நிலத்தில் வைத்தபடி போனது. அதன் பின்னால் அவள், பிறகு நீ, பிறகு நான். ஓடையைக் கடந்தோம், பைன் மரங்களுக்குள் ஏறினோம், திரும்பி இறங்கினோம். இரண்டு மணித்தியாலம். சில இடங்களில் தடமே இல்லை. ஓர் இலையின் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். அந்த நேரம் முழுவதும் நான் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன். நான் அட்டையை எடுத்தது உன் கையில் இரத்தம் படக் கூடாது என்று. அதற்காக இந்தப் பிராணி மூன்று காலில் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. ஒரு பற்றைக்குள் அது கிடந்தது. தலையை நிமிர்த்தப் பார்த்தது, எழும்ப முடியவில்லை. அந்தப் பெண் நாயை மரத்தில் கட்டிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு, கழுத்தைப் பிடிக்கச் சொன்னாள். நீ முழங்காலில் இருந்தாய். ஒரு கையால் கழுத்தை அணைத்துப் பிடித்தாய். மற்றக் கையால் அதன் கண்ணைப் பொத்தினாய். அப்படிச் செய்யச் சொல்லி உனக்கு யாரும் சொல்லவில்லை. "பர்தோன்" என்று அதன் காதுக்குள் மன்னிப்புக் கேட்டாய். "பர்தோன், பர்தோன்." எல்லாம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் உன் கையை எடுக்கவில்லை.

துவக்குப் பிடித்த கை என்றால் எல்லாம் ஒரே கை என்று நான் நினைத்திருந்தேன். உன் கையைப் பதினெட்டு வயதுவரை பிடித்து வீதி கடத்தியவள், அது எப்படிப்பட்ட கை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்போதே சப்பாத்தைக் கழற்றி உன்னிடம் கொடுத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். நீ திரும்பி, "குளிருதே, மா?" என்று கேட்டு, இரத்தம் காயாத கையைச் சருகில் துடைத்துவிட்டு, உன் கழுத்துத் துணியை எனக்குச் சுற்றிவிட்டாய். அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல வரவில்லை.

வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினேன். குதிக்காலில் தோல் உரிந்து, அட்டையின் ஒரு மூலையில் இரத்தம் பட்டிருந்தது. கழுவித் துடைத்து, நூல் பெட்டிக்குள் வைத்தேன். நாலு மாதமாக நீ அதைத் தேடினாய். கவனமில்லாதவன் என்று பத்ரிக் உன்னைப் பகிடி பண்ணினார், நீயும் சேர்ந்து சிரித்தாய். புது அட்டைக்கு மனுக் கொடுக்கவில்லை. "வேட்டை போதும், இனிக் காணும், மா" என்றாய். நான் நினைத்தது நடந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் ஒருநாள்கூட எனக்கு இருக்கவில்லை.

கலியாணம் கட்டப் போகிற பிள்ளைக்கு ஒரு தாய் நூறு புத்தி சொல்லலாம். என்னிடம் இருப்பது ஒன்றுதான். எலோடி செய்கிற ஏதாவது உனக்குப் பயம் தந்தால், பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லு. வாயால் சொல்லு. சொல்லாமல் வைத்திருந்தால் அந்தப் பயம் ஒருநாள் உன் கையால் ஏதாவது செய்துவிடும். அன்பினால் செய்தேன் என்று நீயே உனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வாய். சுதனிடம் ஒரு சொல் கேட்காமல் விட்டேன், உன்னிடம் ஒரு சொல் சொல்லாமல் எடுத்தேன். இரண்டு தரமும் நான் வாயைத்தான் மூடிக்கொண்டேன். இந்தக் கடித உறைக்குள் உன் அட்டை இருக்கிறது. நீ திரும்பக் காட்டுக்குப் போகலாம், போகாமலும் விடலாம். போனால், எப்படி இருந்தது என்று இனிக் கேட்பேன்.

போன செவ்வாய்க்கிழமை கடைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, தனியாக ரயில் ஏறி ஜெராரிடம் போனேன். அவர் வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் நின்றார். என் பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு, அளவும் நிறமும் சொல்லத்தான் போதும். அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, காலுறை, சுதன். சுதனுக்கு வந்தபோது எனக்குப் பிரெஞ்சு முடிந்துவிட்டது, மிச்சத்தைத் தமிழில் சொன்னேன். அவர் என்னை நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தோட்டத்து மர வாங்கில் குந்தி, தன் இடக்கண்ணைக் காட்டினார்.

"இரண்டு வருஷமாக இதில் புகைதான் தெரிகிறது, மதாம். டாக்டரிடம் போகவில்லை. போனால் என் தம்பி துவக்கை முழுதாகப் பறித்துவிடுவான். அன்றைக்கு உங்கள் மகனின் இடம் காலியானபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பிள்ளை அவமானப்பட்டு நிற்கிறான், எனக்குச் சந்தோஷம். மூடுபனிக்குள் ஏதோ அசைந்தது. சரியாகத் தெரியாமல் சுட்டேன். மானாக இல்லாமல் இருந்திருந்தால்?"

மூடுபனிக்குள் செம்மஞ்சள் அங்கியோடு எனக்கு வலப்பக்கம் நடந்தது யார் என்று நினைத்துப் பார். உன்னைத் துவக்கிலிருந்து காப்பாற்றப் போய், துவக்குக்கு முன்னால் நடக்கவிட்டேன், தம்பி.

நானும் அவருக்குப் பக்கத்தில் அந்த வாங்கில் குந்தினேன். வெயில் நல்ல இதமாக இருந்தது. அவர் நட்டிருந்த வெங்காயம் கரும்பச்சையாக நிமிர்ந்து நின்றது. கடைசியில் அவர்தான் சொன்னார், "நான் என் தம்பியிடம் சொல்கிறேன். நீங்கள் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள்." சொன்னால் கலியாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். என்ன உடுப்புப் போட வேண்டும் என்று அவர் திரும்பக் கேட்டார். அளவுநாடா என் கைப்பையில் எப்போதும் இருக்கும். எழுப்பி நிறுத்தித் தோளும் நெஞ்சும் அளந்து எடுத்துக்கொண்டு வந்தேன். பட்டியலில் அவர் பெயருக்கு நீ போட்ட கோட்டை அழித்துவிடு.

இன்றைக்கு ஞாயிறு. காலையில் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் போன் எடுத்தார். "சொல்லிவிட்டேன், மதாம். பத்ரிக் ஒரு மணித்தியாலம் கத்தினான். பிறகு கண் டாக்டருக்கு அவனே போன் பண்ணினான். பிறகு இரண்டுபேரும் சூப் குடித்தோம். நீங்கள்?" "எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்றேன். "இன்னும் மிச்சம் இருக்கிறதா?" "கொஞ்சம்தான்."

மிச்சம் இதுதான். இதை இன்றைக்கு இரவே உன் வீட்டுத் தபால் பெட்டியில் நானே கொண்டுவந்து போடுவேன். நாளைக்குத் திங்கட்கிழமை, கடை பூட்டு. அப்பா பின்னேரம்வரை வெளியே போய்விடுவார். அவருக்கு நேற்றே எல்லாம் சொல்லிவிட்டேன், அவர் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. நான் வீட்டில்தான் இருப்பேன். வாசித்து முடித்ததும் வா. கோபத்தோடு வா. கத்து. பிரெஞ்சில் கத்தினாலும் எனக்கு விளங்கும்.

அம்மா